மூன்றாம் குழாய்

மதியம் நாலு பத்துக்கு ஒரு கேள்வி கேட்டேன்.
பத்தொன்பது குளிர்காலத்துச் சதுப்பின் நீர்மட்டம்,
வாயு அளவுகள், ஸ்கேன் செய்த குறிப்பேடுகள்
எல்லாவற்றையும் அதனிடம் கொட்டிவிட்டு
சௌனாவுக்குப் போனேன்.
ஈரத் தலையோடு திரும்பியபோது
விடை திரையில் உட்கார்ந்திருந்தது,
வீட்டுக்காரி வருமுன்பே வந்து
செருப்பைக் கழற்றிவைத்துவிட்ட விருந்தாளியைப் போல.

பனி இளகுவதற்கு ஒன்பது நாள் முன்பே
சதுப்பு மூச்சு விடத் தொடங்குகிறது.

என் வாழ்நாளில் நான் சொல்ல விரும்பிய வாக்கியம்.
நான் சொல்லாத வாக்கியம்.

மூன்று முறை கணக்கிட்டுப் பார்த்தேன். சரி.
நாலாம் முறை, தப்பாக இருக்கட்டும் என்று
வேண்டிக்கொண்டே பார்த்தேன்.
சரி.

டார்ட்டுவில் அன்றைக்கு மைனஸ் பதினாறு.
பேராசிரியர் இன்ட்ரெக் பாலுசாலு
ஆப்பிளைக் கடித்தபடி சொன்னார்:
"மைக்ராஸ்கோப்புக்கு யாராவது பெயர் போடுகிறார்களா?
உன் பெயரைப் போடு. அடுத்து என் பெயர்."
நான் சௌனாவில் இருந்தபோது
எந்த மைக்ராஸ்கோப்பும் எதையும் பார்த்ததில்லை.
அதைச் சொல்லவில்லை.
பெயர் போட்டேன்.

இதழின் படிவம் பெட்டி பெட்டியாகக் கேட்டது.
கருத்து யாருடையது? மாரிகா தாம்பெர்க்.
பகுப்பாய்வு? மா.தா.
எழுதியவர்? மா.தா.
கருவிகள் என்ற பெட்டியில்
அதன் பெயர், பதிப்பு எண், ஒரு முற்றுப்புள்ளி.
விரல் கூசவில்லை.
கூசாததுதான் இப்போது கூசுகிறது.

மார்ச்சில் மதிப்பாய்வாளர் ஒருவர்,
முகம் தெரியாத, மரியாதையான ஒருவர், எழுதினார்:
2014இன் மூன்றாம் குழாயை
ஏன் விட்டுவிட்டீர்கள்?

விட்டுவிட்டேனா?

அதனிடம் கேட்டேன். ஒரு காரணம் சொன்னது.
மறுபடி கேட்டேன். இன்னொன்று, முந்தையதைவிட அழகாக.
மூன்றாவதோடு ஒரு மன்னிப்பும் சேர்த்துக் கொடுத்தது.
தப்பென்றால் அதற்கு முகம் சிவக்காது.
சிவக்க வேண்டிய முகம்
அன்றிரவு கண்ணாடியில்
பல் தேய்த்துக்கொண்டிருந்தது.

நிலவறையில் ஏழாம் பெட்டி.
ஈரத்தில் உப்பிப்போன குறிப்பேடு.
ஜனவரிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில்,
ஊர்வே காசெமெட்ஸின் சாய்ந்த கையெழுத்தில்:
*எல்க் மான் இடித்துவிட்டது. குழாய் சாய்ந்திருக்கிறது.
இந்த எண்ணை நம்ப வேண்டாம்.*

அது இதைப் படித்திருக்கலாம்.
படிக்காமலேயே தடுக்கி
சரியான இடத்தில் விழுந்திருக்கலாம்.
உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்:
நான் படிக்கவில்லை.

வாரம் இருமுறை, பலகைப் பாதையில் நாலு கிலோமீட்டர்,
பனிச்சப்பாத்தும் அளவுகோலுமாக
பத்தொன்பது வருடம் நடந்தவள்.
திட்டம் முடிந்த அன்றே ஒப்பந்தமும் முடிந்தது.
இப்போது ஹெல்சிங்கி கப்பலில் சமையல் உதவியாள்.
படிவத்தில் அவளுக்குப் பெட்டியே இல்லை,
கருவிகளுக்குள்கூட.

தொலைபேசியில் தட்டுகள் மோதிக்கொண்டிருந்தன.
"உன் பெயரையும் சேர்க்கப் போகிறேன்" என்றேன்.
"காசு வருமா?"
"வராது."
"தப்பாகிவிட்டால் என்னையும் கேட்பார்களா?"
"கேட்பார்கள்."
கொஞ்ச நேரம் தட்டுகள் மட்டும்.
"அப்படியானால் முதலில் வாசித்துக் காட்டு. முழுசாக."

இதை அது என்னிடம் கேட்கவில்லை.
இன்ட்ரெக் கேட்கவில்லை.
நானே என்னிடம் கேட்கவில்லை.

வாசித்தேன்.
முதல் பத்தி, இரண்டாம் பத்தி, எல்க் மான் இல்லாத மூன்றாம் பத்தி.
நாலாவதில் *எனவே* என்றொரு சொல்.
நான் எழுதாத எனவே.
அதன் இந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கம் தெரியும்.
நடுவில் என்ன இருக்கிறதென்று தெரியாது.
மெல்லிய பனியின் முன்னால் ஒரு காலைத் தூக்கியபடி
நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?"
என்றாள் ஊர்வே.